த்ரோபாலுக்கு எந்த லென்ஸ்

நீ இதைப் படிக்கும்போது இப்போதைய என்னைவிட வயதில் மூத்திருப்பாய். எனக்குப் பதினேழு. நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா தெரியாது. உன் அப்பா யார் என்பதும் தெரியாது. எங்கேயாவது டியூஷன் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அம்மா இந்தக் கடிதத்தைப் பார்த்தால் 'யாருடி அவன்' என்றுதான் முதலில் கேட்பாள். அதனால் நான் வேலை செய்யும் அம்பத்தூர் ஸ்டுடியோவில், கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பெற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணத்துக்கோ வெளியூர் வேலைக்கோ கிளம்பும்போதுதான். அவ்வளவு காலம் காத்திருக்க என்னால் முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும். இந்த உறைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். அதில் இருப்பவள் உனக்குப் பாட்டி. நீ பார்க்கும்போது அவளுக்கு முட்டி வலி வந்திருக்கலாம், படி ஏறக் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அவள் குதிப்பாள் என்று வாயால் சொன்னால் நீ நம்பமாட்டாய். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். பாடம் வராமல் இல்லை. எழுந்து நின்று வாசி என்றால் குரல் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும், பின்பெஞ்சு சிரிக்கும். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அம்மா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், மாதா கோயில் சிஸ்டரைக் கூட்டிவந்து பேச வைத்தாள். கடைசியில், "சும்மா ஊட்ல உக்காந்துகினு செவுத்த பாக்காத, வா" என்று இந்த ஸ்டுடியோவில் கொண்டுவந்து விட்டாள். கல்யாணப் படங்களில் முகத்தின் வியர்வையை அழிப்பதும் கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை எடுப்பதும் என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் வெளியே போகும்போது கேமராவை எடுத்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பேன். கேமராவை முகத்தில் வைத்தால் என்னை யாருக்கும் தெரியாது, எனக்கு எல்லாரையும் தெரியும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. என் கூச்சம் உனக்கும் வந்திருந்தால் அதற்காக அழாதே. அதை வைத்துக்கொண்டும் என்னவெல்லாம் செய்யலாம் என்று இனிமேல் வருகிறது.

அம்மா பகலில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைத் தையலைச் சரிபார்க்கிறாள். வேலை முடிந்து வந்தால் ஒரே சத்தம்: குக்கர், டிவி, பக்கத்து வீட்டோடு பேச்சு. ஆனால் வருஷத்தில் ஒரு மாதம் அவள் வேறு ஆளாகிவிடுவாள். எங்கள் கோயில் பங்கை, அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, தெருத்தெருவாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புனிதர் பெயர் வைத்து, அன்பியம் என்று சொல்வார்கள். திருவிழா சமயத்தில் அன்பியங்களுக்குள் போட்டி நடக்கும். ஆண்களுக்குக் கபடி, பெண்களுக்கு த்ரோபால். நாங்கள் குழந்தை இயேசு அன்பியம். த்ரோபாலில் பந்தை அடிக்கக்கூடாது. இரண்டு கையால் பிடித்து, ஒரு கையால் வலைக்கு மேலே எறிய வேண்டும். ஆட்டம் நடக்கும்போது காலைத் தரையிலிருந்து எடுக்கக்கூடாது. சர்வீஸ் போடும்போது மட்டும் குதிக்கலாம். மற்ற ஆன்ட்டிகள் எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே போடுவார்கள். அம்மா மட்டும் குதிப்பாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பந்தைத் தரையில் தட்டி, நெற்றியில் சிலுவை போட்டு, முட்டியை மடக்கி ஒரு எழும்பு எழும்புவாள். அந்த ஒரு நொடியில் அவளுக்குக் கம்பெனி கிடையாது, குக்கர் கிடையாது, படிக்காத மகள் கிடையாது.

அந்த நொடிக்கு ஒரு படம்கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன். கோயில் ஆபீசில் திருவிழா ஆல்பங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேடை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, கோப்பை. ஆட்டத்தை யாரும் படம் எடுப்பதில்லை. கோப்பை கை மாறும்போதுதான் ஃபிளாஷ் அடிக்கும். எங்கள் அன்பியம் என்றைக்குமே கோப்பை வாங்கியதில்லை. ஆகவே அம்மா விளையாடினாள் என்பதற்கு உலகத்தில் எந்த அடையாளமும் இல்லை. இந்த வருஷம் ஆரம்பத்திலேயே, "இதான் கடேசி, மூச்சு வாங்குது, அடுத்த வருஷம் சின்னப் பொண்ணுங்கள விடுங்க" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் முடிவு செய்தேன், அவள் காலும் தரையும் பிரிந்திருக்கிற ஒரு படம் எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று.

முதல் நாள் பயிற்சிக்கு ஸ்டுடியோ கேமராவோடு போனேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மைதானம். என்னைப் பார்த்ததுமே அணித் தலைவி ரோசி ஆன்ட்டி விளையாட்டை நிறுத்திவிட்டார். "ஏய் ஸ்டெல்லா, உம் பொண்ணு கேமரா எட்த்துகினு வந்துகீது. எல்லாம் வாங்கடி, லைனா நில்லுங்க. யாரு அது, இப்பப் போய் சேஃப்டி பின்னு குத்துறது? குள்ளமா இருக்கறவ முன்னாடி வா." எல்லாரும் ஓடிவந்து வரிசையாக நின்றார்கள், முடியைச் சரிசெய்தார்கள். அம்மா பந்தைத் தண்ணீர்க் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். 'நீங்கள் விளையாடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. வரிசையைப் படம் எடுத்துவிட்டு வந்துவிட்டேன். நம் ஊரில் கேமரா என்றால் அசையாமல் நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து எல்லாரையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். ஸ்டுடியோக்காரர்களாகிய எங்களுக்கும் தெரிந்த ஒரே வாக்கியம் 'இங்க பாருங்க' என்பதுதான்.

சரி, அவர்களுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து எடுப்போம் என்று ஸ்டுடியோவிலிருந்த, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கிற பழைய 70-300 லென்ஸைப் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த லென்ஸின் பக்கவாட்டில் நடுக்கத்தைக் குறைக்கிற ஒரு பொத்தான் உண்டு, ஸ்டெபிலைசர் என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் எதுவும் கலங்காமல் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இருட்டுக் கல்யாண மண்டபங்களில் அசையாமல் நிற்கிற மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்தே தொழில் கற்ற ஒருத்திக்கு வேறு எப்படித் தோன்றும்? அம்மா குதித்தாள், அழுத்தினேன். வீட்டில் அம்மாவிடமே காட்டினேன்.

"இதுல நான் எங்கடி கீறேன்?"

"இதோ, இங்க."

"இதுவா? ஊதுபத்திப் பொக மாதிரி கீது. மரம் மட்டும் ஜம்முனு வந்துகீது. மரமா சர்வீஸ் போட்டுது?"

மறுநாள் ஸ்டுடியோ அண்ணனிடம் படத்தை நீட்டினேன். அவர் பார்த்தவுடனே சிரித்தார். "ஸ்டெபிலைசரு உன் கைய புடிச்சிக்கும்மா. உங்கம்மாவ யாரு புடிக்கிறது?"

இந்த ஒரு வாக்கியத்தை நீ மறக்கவே கூடாது. கடையில் லென்ஸ் வாங்கப் போகும்போது அந்தப் பொத்தானைப் பற்றி ரொம்பப் பெருமையாகச் சொல்வார்கள். அது உன் நடுக்கத்தை மட்டும்தான் நிறுத்தும். ஓடுகிறவர்களை நிறுத்துவது ஷட்டரின் வேகம். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் திறந்திருக்கிறது என்றால், அந்தக் கண்ணிமைப்புக்குள் போதுமான வெளிச்சம் உள்ளே வர வேண்டும். அதற்கு லென்ஸின் வாய் அகலமாகத் திறக்க வேண்டும். வாய் எவ்வளவு அகலம் என்பதை லென்ஸின் மேலேயே ஒரு எண்ணாக எழுதியிருப்பார்கள், எண் சிறியதாக இருந்தால் வாய் பெரியது. இது ஏன் தலைகீழாக இருக்கிறது என்று எனக்கு ஒரு வாரம் குழப்பம். எங்கள் 70-300-ஐ முழுக்க நீட்டினால் எண் 5.6. அண்ணனிடம் இருக்கும் 70-200 லென்ஸ் எவ்வளவு நீட்டினாலும் 2.8-லேயே நிற்கும். வெள்ளையாக, கனமாக, பால் கேன் மாதிரி இருக்கும். அதைக் கையில் எடுத்தால் திருப்பி வைக்க மனமே வராது. இந்த வருஷம் எங்கள் அணி எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்துக்கு அதைக் கேட்டுவிடலாம் என்று மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"ஞாயித்துக்கெழமையா? பூந்தமல்லில ரிசப்ஷன் கீதும்மா, அத நான் எட்த்துகினு போறேன்," என்றார் அண்ணன். "ஆமா, மேட்ச்ச எடுத்து யாருகிட்ட குடுக்கப்போற? கப்பு வாங்குறவன் போட்டோ கேப்பான், தோத்தவன் கேப்பானா? இந்த வாட்டி கோயிலுக்கு நீயே போய்ட்டு வா. மேடைய மட்டும் எடு. நீ ஒண்ணும் பேச வாணாம், அவங்களே நிப்பாங்க." பையில் மேடைக்கு வேண்டிய சின்ன ஜூமையும் ஃபிளாஷையும் வைத்தார். கூடவே ஒரு 85-ஐயும் போட்டார். "ஃபாதர் தனியா ஒண்ணு கேப்பாரு. முகத்துக்கு இது நல்லா இருக்கும்." அந்த 85 உள்ளங்கையில் அடங்குகிற லென்ஸ். வாய் 1.8. ஆனால் அதை நீட்டவும் முடியாது, சுருக்கவும் முடியாது. பக்கத்தில் வர வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். அதனால் அன்றைக்கு நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

எனக்குத் தூரம்தான் வேண்டியிருந்தது. யாருக்கும் தெரியாத இடத்தில் நான் நிற்க வேண்டும், அம்மா முழுசாகப் படத்துக்குள் வர வேண்டும். அப்போதுதான் முகப்பேர் சார் நினைவுக்கு வந்தார். ஈரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து முகப்பேரில் ஃபிளாட்டில் இருப்பவர். விடிந்தும் விடியாமல் ஏரி ஏரியாகப் போய்ப் பறவைகளைப் படம் எடுத்து, எங்களிடம் பிரிண்ட் போட வருவார். பேச வராவிட்டாலும் எனக்கு எழுத வரும். லென்ஸ் வேண்டும் என்று வாட்ஸப்பில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன், எதை எடுக்க என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சனிக்கிழமை வரச் சொன்னார். அவர் மனைவி கதவைத் திறந்து காப்பி கொடுத்தார். மேசைமேல் கறுப்பாக ஒரு லென்ஸ் இருந்தது, என் முழங்கை நீளம். 150-600.

"என்ன பறவைங்க அம்மிணி எடுக்கப்போறீங்க?"

"பறவை இல்ல சார். அம்மா."

"அம்மாவா?"

"த்ரோபால் ஆடுவாங்க. குதிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எவ்வளவு நேரமுங்க மேல இருப்பாங்க?"

"ரொம்பக் கொஞ்ச நேரம்."

"மீன்கொத்தியும் அப்படித்தானுங்க. மேல போனதுக்கப்புறம் பாத்து அமுக்கினா வால்தான் கெடைக்கும். எழும்பறதுக்கு முன்னாடி அது ஒண்ணு பண்ணும், அதப் புடிச்சுக்கோணும். உங்கம்மா என்ன பண்ணுவாங்க?"

"முட்டிய மடக்குவாங்க."

"அப்ப அங்கயே அமுக்கீருங்க."

பால்கனியில் நின்று அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தேன். உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எத்தனையோ கட்டடங்களுக்கு அப்பால், வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரிந்த ஒரு மொட்டைமாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பல்லில் கவ்வியிருந்த கிளிப் தெரிந்தது. நீல கிளிப். அவள் எதற்கோ தனியாகச் சிரித்துக்கொண்டாள், அது எனக்குத் தெரிந்தது. கேமராவை இறக்கினால் அவளே இல்லை. தூக்கினால் மறுபடி பக்கத்து வீடு. இனி வாழ்நாள் முழுக்க யார் பக்கத்திலும் போக வேண்டாம் என்று நினைத்தேன். சார் பையில் வைத்துக் கொடுக்கும்போது, "வெயில் இருக்கற வரைக்கும்தான் இது ராஜாங்க அம்மிணி" என்றார். எண்ணைப் பார்த்தேன்: முழுக்க நீட்டினால் 6.3. பார்த்தேன், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறுதி ஆட்டம் மூன்று மணிக்கு, மூன்று மணிக்கு நல்ல வெயில் இருக்கும். பேருந்தில் வரும்போது அந்தப் பையை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே, மைதானத்தை ஒட்டி, பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும் மறைக்கல்விக் கட்டடத்தின் மாடி வராந்தாவில் இடம் பிடித்துவிட்டேன். நன்றாக யோசித்துத்தான் அந்த இடத்தை எடுத்தேன். அம்மா சர்வீஸ் போடும் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் அது, முகம் தெரியும். தரையிலிருந்து எடுத்தால் குறுக்கே வலை வரும், ஃபோகஸ் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். மாடியிலிருந்து எடுத்தால் வலைக்கு மேலே அம்மா வருவாள். கைப்பிடிச் சுவரில் லென்ஸைச் சாய்த்து, ஆளில்லாத கோட்டில் ஃபோகஸ் செய்து பார்த்தேன். கோட்டில் கிடந்த சுண்ணாம்புத் தூள் தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது, சிறப்பு விருந்தினரைத் தவிர. அவர் வரவில்லை. அவர் வராமல் இறுதி ஆட்டம் தொடங்கக் கூடாதாம். சிறுபிள்ளைகள் நடனம் ஆடினார்கள். மைக்கில், "வந்துகொண்டே இருக்கிறார், திருமுல்லைவாயிலைத் தாண்டிவிட்டார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கோயில் கோபுரத்தின் நிழல் மைதானத்தில் இறங்கி, வலையைத் தாண்டி, அம்மா நிற்க வேண்டிய கோட்டையும் மூடியது. அப்புறம் அவர் வந்தார். பொன்னாடைகள், உரைகள். விசில் ஊதும்போது மேற்கே மேகமும் சேர்ந்துகொண்டது.

நான் லென்ஸ் வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நேரம் விடாமல் அம்மாவை நான் என்றைக்கும் பார்த்ததே இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதிரணி ஆன்ட்டி எறியும் பந்தைப் பிடிக்கும்போது உதட்டை உள்ளே மடக்கினாள். சர்வீஸ் சுற்றி அவளிடம் வந்தது. துப்பட்டா, பந்து, சிலுவை, முட்டி. அழுத்தினேன். திரையில் பார்த்தால் மறுபடி புகை. ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன்; படம் கறுப்பாகிவிட்டது. கேமராவின் ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றி வெளிச்சத்தை இழுத்தேன். அம்மாவின் முகம் முழுக்க மணலை வாரி இறைத்ததுபோல ஆயிற்று. அவ்வளவு பெரிய லென்ஸ், அவ்வளவு சின்ன வாய். ஒரு செட் போயிற்று, தோற்றோம். இரண்டாவது செட்டும் போனால் ஆட்டம் முடிந்தது, அம்மாவும் முடிந்தாள். அவள் கைக்கு இன்னும் ஒரு முறை சர்வீஸ் வரலாம், வராமலும் போகலாம்.

பைக்குள் 85 இருந்தது. 1.8. இந்த வெளிச்சத்துக்கு அது தாராளம். ஆனால் அதைப் போட்டால் மாடியிலிருந்து அம்மா எறும்பளவுதான் தெரிவாள். கீழே இறங்கி, மைதானத்தின் பக்கக் கோட்டில், அவள் சர்வீஸ் போடும் மூலைக்குச் சில அடி முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பக்கம்தான் சிறப்பு விருந்தினர் நாற்காலி, ஃபாதர், முழுப் பங்கு. என்னை வகுப்பில் வாசிக்கச் சொன்ன இடத்தைவிட அது பெரிய இடம். எனக்கு யோசிக்க நேரம் இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன், உனக்கு எழுதவும் எதுவும் இருந்திருக்காது. லென்ஸை மாற்றிக்கொண்டே படியிறங்கினேன்.

கோட்டோரம் குந்தி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு மாமா, "எம்மா, கப்பு அப்பறந்தான் குடுப்பாங்க, மறைக்காத, தள்ளு" என்றார். நான் தள்ளவில்லை. சர்வீஸ் அம்மாவிடம் வந்தது. பந்தைத் தட்ட ஆரம்பித்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் பந்து நின்றது, துப்பட்டா சரியாயிற்று, முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. பந்து இடுப்புக்குப் போய்க் குடமாகவே ஆகிவிட்டது. ரோசி ஆன்ட்டியும் ஆட்டத்தின் நடுவிலேயே திரும்பி நின்று சிரித்தார். ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார்.

"எம்மா, கேமராவப் பாக்காத. பந்தப் போடு."

அது என் குரல்தான். மைதானம் முழுக்கக் கேட்டது. ஸ்டுடியோக்காரர்கள் 'இங்க பாருங்க' என்றுதான் கத்துவார்கள்; பார்க்காதே என்று ஒருத்தி கத்தியது அநேகமாக அதுதான் முதல் தடவை. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா அதிர்ந்துபோய் நின்ற இடத்திலிருந்தே பந்தை எறிந்தாள். எதிரணி மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பந்து யார் கையும் படாமல் நடுவில் விழுந்து உருண்டது. பெரிய சண்டையாகிவிட்டது. "இது பாயின்ட்டா? போட்டோக்காரி கத்தனா யாரு பந்தப் பாக்கிறது?" என்று எதிரணி. "பந்தப் பாக்காம எங்க பொண்ண ஏம்மா பாத்தீங்க?" என்று ரோசி ஆன்ட்டி. கூட்டம் சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். கடைசியில் ரெஃப்ரி, சர்வீஸ் மறுபடி போட வேண்டும் என்றார்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை. இத்தனை நாள் என்னைப் பேசவைக்க அவள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. "கேட்டீங்களாடி, எம் பொண்ணு கொரல" என்று பின்னால் யாரிடமோ சொன்னாள். பிறகு என் பக்கமே திரும்பவில்லை. துப்பட்டாவை இறுக்கினாள், பந்தைத் தட்டினாள், சிலுவை போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியை மட்டும் பார்த்தேன். அது மடங்கியதும் அழுத்தினேன்.

அந்தச் சர்வீஸில் ஒரு பாயின்ட் வந்தது. அதோடு சரி, ஆட்டத்தில் தோற்றோம். மேடையில் வேறு அன்பியம் கோப்பை வாங்கியது. அதை ஒழுங்காக எடுத்தேன், ஃபாதர் தனியாக ஒன்று கேட்டதையும் எடுத்தேன். திங்கட்கிழமை ஸ்டுடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் மேடைப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், அம்மாவின் படத்தில் நின்றுவிட்டார். "இத இன்னா சைஸ்ல போடலாம்?" என்றார். அது போதும் எனக்கு.

ஆகவே நீ லென்ஸ் தேடிப் போகும்போது, எவ்வளவு தூரம் இழுக்கும் என்று மட்டும் பார்த்து மயங்காதே. எந்த நேரத்தில் ஆடுவார்கள், அப்போது எவ்வளவு வெளிச்சம் இருக்கும், நீ எங்கே நிற்க முடியும் என்று முதலில் உன்னையே கேட்டுக்கொள். மூன்று மணி ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்காது என்பதையும் கணக்கில் வை. வெயில் காயும் பெரிய மைதானத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் யாரும் விடமாட்டார்கள் என்றால் நீளமானதை எடு, அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது முகப்பேர் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "மீன்கொத்தியேதானுங்க" என்றார். வருகிற ஞாயிறு காலை வேப்பம்பட்டில் அவர்கள் கம்பெனி கிரிக்கெட் ஆட்டமாம், லென்ஸைத் தருகிறேன், வருகிறாயா என்று அவரும் அவர் மனைவியும் கேட்டார்கள். வருகிறேன் என்று வாயால் சொன்னேன். பந்து வீசுகிறவர் கையிலிருந்து பந்து பிரிகிற இடத்தை இப்போதே கனவில் பார்க்கிறேன். ஆனால் கையில் 85 மட்டும்தான் இருக்கிறது என்றால், எடுக்க முடியாது என்று மாடியிலேயே நின்றுவிடாதே. இறங்கிப் போ. தள்ளு என்பார்கள். தள்ளாதே.

இப்போது படத்தை எடுத்துப் பார். இரண்டு காலுக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது பார். கை பின்னால் போயிருக்கிறது, பந்து இன்னும் விரல் நுனியில்தான். உதடு உள்ளே மடங்கியிருக்கிறது. கண் எதிர்க் கோட்டில். நான் பிறந்ததிலிருந்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், சாப்பிட்டேனா, பேசினேனா, போனேனா, வந்தேனா என்று. அவள் என்னைப் பார்க்காத படம் இது ஒன்றுதான். எனக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை.

நானும் ஒருநாள் உன்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டே இருப்பேன், எரிச்சல் வரும் உனக்கு. அப்போது ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வா. நான் எதையாவது மும்முரமாகச் செய்துகொண்டிருப்பேன். உன்னைக் கண்டதும் விட்டுவிட்டுத் தலையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பேன். பார்க்காதே என்று கத்து. நன்றாகக் கத்து, தெருவுக்கே கேட்கட்டும்.